கல்லில் காரணமும் எழுதப்பட வேண்டும்

சித்திரைப் புத்தாண்டு அன்று யாழ்ப்பாணத்தில் நாம் மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படும் அதே நாளில், மும்பாய் நகரின் பைக்கலாப் பகுதியில் உள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் சீருடை அணிந்தவர்கள் ஒரு நினைவுத்தூபியின் முன் நின்று மலர்வளையம் வைக்கிறார்கள். ஏப்ரல் 14 ஆம் திகதி இந்தியா முழுவதும் தீயணைப்புச் சேவை நாளாக அனுட்டிக்கப்படுகிறது. புத்தாண்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1944 ஆம் ஆண்டு அந்தத் திகதியில் மும்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் உயிரிழந்த 66 தீயணைப்புப் பணியாளர்களின் நினைவு நாள் அது. இவ்வாண்டு அந்தத் திகதியை நாட்காட்டியில் பார்த்தபோது, கடமையில் இறந்த தீயணைப்பாளர்களுக்கென யாழ்ப்பாணத்தில் ஒரு கல் நாட்டுவதானால் அதில் எதை எழுதுவது என்ற கேள்வி என் மனதில் எழுந்தது. அதைப் பற்றியே இந்தப் பதிவு.

மும்பாயில் வெடித்த கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிக்கின். போர்க்காலச் சரக்குக் கப்பலாகிய அது இங்கிலாந்திலிருந்து ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளையும் பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, வழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றி, ஏப்ரல் 12 ஆம் திகதி விக்ரோரியாத் துறையை அடைந்தது. இரண்டு நாட்கள் கழிந்த பின்னரும் வெடிபொருள் முழுமையாக இறக்கப்படவில்லை. 14 ஆம் திகதி பிற்பகல் இரண்டு மணியளவில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. பஞ்சுப் பொதியில் பற்றிய தீ சுவாலையாக வெளியே தெரியாது. பொதியின் உள்ளே கனன்று கனன்று ஊர்ந்து செல்லும், மேலே ஊற்றும் நீர் அதன் நடுவை எளிதில் சென்றடையாது. அன்று ஏறத்தாழ 900 தொன் நீர் கப்பலுக்குள் பாய்ச்சப்பட்டும், அடர்ந்த புகையினால் தீயின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று ஐம்பதுக்குக் கப்பலைக் கைவிடும்படி கட்டளை பிறந்தது. நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் வெடிப்பும், அரை மணி நேரம் செல்லுமுன் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தன. அவற்றின் அதிர்வு ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சிம்லாவில் நிலநடுக்கக் கருவிகளில் பதிவானது.

இறந்தவர்களுள் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளரும் அயலில் குடியிருந்தோரும் ஆவர். தீயணைப்புப் படையினர் 66 பேர் என்ற எண் மட்டுமே ஆண்டுதோறும் தவறாமல் சொல்லப்படுகிறது. அந்த எண் அவர்களின் துணிவைச் சொல்கிறதே தவிர, எரியும் பொருளையும் வெடிக்கும் பொருளையும் ஒரே கப்பலில் ஏற்ற அனுமதித்தது எந்த நிர்வாகம், நெரிசலான துறைமுகத்தின் நடுவே அதை நிறுத்தி வைத்தது எந்த அவசரம் என்பதைச் சொல்வதில்லை. நினைவுச்சின்னங்களைப் பற்றி எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான். இறந்தவரைப் புகழ்வதில் குறை வைக்காத நகரங்கள், அவர் ஏன் இறந்தார் என்பதைக் கல்லில் பொறிப்பதற்குத் தயங்குகின்றன.

காரணத்தைப் பொறிக்காததன் விளைவு என்னவென்று துறைமுக நகரங்களின் வரலாற்றைப் பார்த்தால் தெரியும். 1917 டிசெம்பர் 6 ஆம் திகதி கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் மொன்ட் பிளாங் என்ற கப்பல் மற்றொன்றுடன் மோதித் தீப்பற்றியபோது, அதில் வெடிபொருள் நிறைந்திருப்பதை அறியாமல் கரைக்கு விரைந்த தீயணைப்புப் படையினருள் ஒன்பது பேர் இறந்தனர். கனடாவின் முதலாவது இயந்திரத் தீயணைப்பு வாகனமான பற்றீசியாவின் சாரதி மட்டும் படுகாயங்களுடன் தப்பினார். 1947 ஏப்ரலில் அமெரிக்காவின் ரெக்சாஸ் சிற்றியில் அமோனியம் நைத்திரேற்று உரம் ஏற்றிய கப்பல் வெடித்தபோது அந்தச் சிறு நகரின் தொண்டர் தீயணைப்புப் படையைச் சேர்ந்த 28 பேரில் 27 பேர் மாண்டனர். 2015 ஓகஸ்டில் சீனாவின் தியென்சின் துறைமுகத்தில் இரசாயனக் கிடங்கு வெடித்து இறந்த 173 பேரில் நூற்றுக்கும் அதிகமானோர் தீயணைப்பாளர்கள். 2020 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தின் பன்னிரண்டாம் இலக்கக் கிடங்கில் தீ என்று அழைக்கப்பட்டு அங்கே சென்ற பத்துப் பேருக்கு, அதனுள் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று ஆண்டுக்கணக்காகக் கிடப்பதை யாரும் சொல்லவில்லை. அவர்களுள் ஒருவர் முதலுதவிப் பணியாளரான இளம்பெண். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் நான்கு நாடுகளில் மனிதர்கள் ஏறத்தாழ ஒரே விதமாக இறந்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது துறைமுகத்தில் எங்கோ ஓர் அலுவலகத்தின் தாள்களில் எழுதப்பட்டிருந்தது, கதவைத் திறக்கச் சென்றவருக்குத்தான் தெரியவில்லை.

காரணத்தைத் தேடிக் கண்டறிந்து அதை விதியாக மாற்றிய நிகழ்வும் உண்டு. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் லின்ரன் என்ற ஊரில் 1998 டிசெம்பர் 2 ஆம் திகதி காட்டுத்தீயை எதிர்கொண்ட ஐந்து தொண்டர்கள், காற்று திடீரெனத் திசை மாறியதால் தம் வாகனத்துடன் தீயின் நடுவே அகப்பட்டு இறந்தனர். அவ்வேளை தம்மைக் காத்துக்கொள்ளப் போதிய நீர் அவர்களிடம் இருக்கவில்லை. பின்னர் நடந்த மரண விசாரணை நீண்டகாலம் நீடித்தது. தொண்டர்களுக்குக் குறைந்தபட்சப் பயிற்சி கட்டாயம் என்பதும், தாங்கியிலுள்ள நீரில் ஒரு பகுதியைக் குழுவினரின் உயிர்காப்புக்கென எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும் என்பதும் அந்த இறப்புகளின் பின்னரே உறுதியான நடைமுறையாயின. மே 4 ஆம் திகதி உலகத் தீயணைப்பாளர் நாள் அனுட்டிக்கப்படத் தொடங்கியதற்கும் அந்த ஐவரின் இறப்பே தூண்டுதலாயிற்று. சிவப்பு, நீலம் என இரண்டு நிறம் கொண்ட நாடாவைச் சட்டையில் குத்திக்கொள்வது அந்நாளின் வழக்கம். நாடாவைவிட மிச்சம் வைக்கப்படும் அந்த நீரையே நான் அவர்களின் உண்மையான நினைவுச்சின்னமாகக் கருதுகிறேன்.

நியூயோர்க் நகரில் ஹட்சன் ஆற்றோரமாக ரிவர்சைட் வீதியில் 1913 இல் திறக்கப்பட்ட தீயணைப்பாளர் நினைவுச்சின்னம் உலகில் பெயர்பெற்றவற்றுள் ஒன்று. 1908 இல் கனால் வீதியில் நடந்த ஒரு தீயணைப்பின்போது துணைத் தலைவர் சார்ள்ஸ் குரூகர் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் ஆயர் ஹென்றி பொட்டர், இப்படிப்பட்டவர்களுக்கு நகரம் ஒரு சின்னம் எழுப்ப வேண்டும் என்று கேட்டதிலிருந்து அந்த முயற்சி தொடங்கியது. பளிங்குச் சிற்பங்களும் குதிரைகள் இழுக்கும் தீயணைப்பு வண்டியைச் செதுக்கிய பலகையும் உடைய அழகான சின்னம் அது. தீயணைப்பு வண்டிகளை இழுத்து இறந்த குதிரைகளுக்கும் அங்கே 1927 இல் ஒரு வெண்கலப் பட்டயம் வைக்கப்பட்டது. ஆனால் அதன் கல்வெட்டு, இறந்தவர்களை என்றும் முடியாத போரின் படைவீரர்கள் என்று வருணிக்கிறது. அந்த வரி பலருக்கும் பிடித்தமானது. யாழ்ப்பாணத்தில் வாழும் எனக்கு அது உவப்பாக இல்லை. போர் என்றால் என்னவென்று எமக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். முடியாத போர் என்று சொல்லிவிட்டால் இறப்பும் விதி என்று ஆகிவிடுகிறது என்பதே முதன்மையான காரணம். பூட்டியிருந்த அவசரக் கதவுக்கும், பதிவு செய்யப்படாத இரசாயனக் கிடங்குக்கும், தேய்ந்த சில்லுக்கும் பிறகு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இலண்டனில் உள்ள சின்னம் இவ்விடயத்தில் எனக்கு நெருக்கமானது. சகோதரியின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அதை நேரில் பார்த்தேன். புனித போல் பேராலயத்தின் அருகே, நீர்க்குழாயைப் பற்றிக்கொண்டு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் இருவரும், அவர்களை வழிநடத்தும் அதிகாரி ஒருவருமாக மூன்று வெண்கல உருவங்கள். ஜோன் மில்ஸ் என்ற சிற்பி வடித்த அந்த அதிகாரியின் உருவத்துக்கு, இலண்டன் மீதான குண்டுவீச்சுக் காலத்தில் பணியாற்றிய சிரில் டிமார்ன் என்ற அதிகாரியே முன்மாதிரி. அவர் சிற்பியின் மாமனாரும்கூட. 1991 இல் திறக்கப்பட்டபோது அது இரண்டாம் உலகப்போரில் இறந்த தீயணைப்பாளருக்கு மட்டும் உரியதாக இருந்தது. பின்னர் அமைதிக்காலத்தில் பணியில் இறந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று முடிவாகியது. பீடத்தில் இடம் போதாமையால், 2003 இல் அதை ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமாக உயர்த்தி மேலும் 1,192 பெயர்களைப் பொறித்தார்கள். குண்டுவீச்சின்போது செய்தி காவிச் சென்ற பெண்களும் சம்பவங்களைப் பதிவுசெய்த பெண்களும் பீடத்தின் ஒரு பக்கத்தில் புடைப்புச் சிற்பமாக இடம்பெற்றுள்ளனர். அந்தக் காலத்தில் குழாய் பிடித்தவர்களுள் ஏராளமானோர் துணைத் தீயணைப்புச் சேவையில் சேர்ந்த எழுதுவினைஞர்கள், தச்சர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நிரந்தர நியமனம் பெற்றவரே நினைவுக்கு உரியவர் என்ற எண்ணம் எமது நாட்டில் இன்னும் உண்டு.

இவற்றையெல்லாம் வெளிநாட்டு வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இறந்தவருக்குக் கல் நாட்டி அவருடைய பெயரையும் பெருமையையும் எழுதுவது சங்ககாலத்திலேயே தமிழர் வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டில் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களின் எழுத்துகளை வாசித்தால், அவை எவ்வளவு சுருக்கமாகவும் எவ்வளவு முழுமையாகவும் செய்தியைச் சொல்கின்றன என்பது வியப்பளிக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் வந்து மாட்டு நிரையைக் கவர்ந்தார்கள், யாருடைய சேவகன் அதை மீட்கும்போது இறந்துபட்டான் என்பவை இரண்டு மூன்று வரிகளில் அடங்கிவிடும். எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்று, வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற அவனுடைய நாயையும் செதுக்கி, அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறது. நியூயோர்க்கின் குதிரைகளுக்குப் பட்டயம் வருவதற்குப் ஏறத்தாழப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது என்பதை ஒரு தமிழனாகச் சற்றுப் பெருமையுடன்தான் குறிப்பிடுகிறேன். அந்தக் கற்களில் புகழ்ச்சி குறைவு, நடந்தது நிறைய. நம் காலத்துப் பளிங்குப் பலகைகளில் இந்த அளவு தலைகீழாகிவிட்டது. திறந்து வைத்தவரின் பெயரும் பதவியும் நான்கு வரி, இறந்தவருக்கு ஒரு வரி.

கடமையில் இருந்தபோது இறந்தவர்களை நினைவுகூர்வதற்கு யாழ்ப்பாணத்தில் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்து நடத்திய துப்பாக்கிச் சூட்டில் நோயாளர்களுடன் வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள் என 21 பணியாளர்கள் கொல்லப்பட்டனர். மறுநாள் காலை, தாம் வைத்தியர்கள் என்று உரத்துச் சொல்லியவாறு கைகளை உயர்த்திக்கொண்டு தாதியருடன் வந்த குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். அவர்களின் படங்களுக்கு அதே வைத்தியசாலை வளாகத்தில் ஆண்டுதோறும் அந்த நாளில் பணியாளர்கள் மாலை அணிவித்துச் சுடரேற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். இப்போது அங்கே சுடரேற்றும் தாதியருள் பலர் 1987 இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். அஞ்சலி முடிந்ததும் அவர்கள் தத்தம் விடுதிக்குத் திரும்பிச் செல்கிறார்கள். விடுதி என்று நான் சொல்வது நோயாளர் விடுதியை. இந்த நினைவேந்தல் இத்தனை ஆண்டுகள் தடைப்படாமல் நிலைப்பதற்கு, அது ஒரு மைதானத்திலோ சந்தியிலோ நடக்காமல் வேலை நடக்கும் இடத்திலேயே, அதே வேலையைச் செய்பவர்களின் கையில் இருப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எப்படி இறந்தார்கள் என்பதும் அங்கே மறைக்கப்படுவதில்லை.

தீ என்றதும் யாழ்ப்பாணத்தவர் நினைவுக்கு முதலில் வருவது 1981 மே 31 ஆம் திகதி இரவும் அதை அடுத்த நாட்களும்தான். பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அதே வன்முறையில் ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிக்கப்பட்டது. எரித்தவர்களைப் பற்றியும் எரிந்தவற்றைப் பற்றியும் நாம் நிறைய எழுதியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் அந்த அளவுக்குப் பெரிதல்லாத தீக்களில், நகரின் கடைத்தெருக்களிலும் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் ஒவ்வோர் ஆண்டும் நிகழும் தீக்களில், குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யார் என்பது எமது பொது நினைவில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தீ அணைந்ததும் வாகனம் திரும்பிவிடும். பத்திரிகைச் செய்தியில் கடை உரிமையாளரின் நட்டக் கணக்கு இருக்கும், அணைத்தவர்களைப் பற்றி ‘மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவினர் தீயைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர்’ என்ற ஒரு வாக்கியம் இருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் வேலை என்னவென்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் அது மாநகர சபையின் ஒரு பிரிவு. சபையின் எல்லைக்கு வெளியே தீப்பற்றினாலும் அழைப்பு இங்கேதான் வரும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்துக்கெனத் தீயணைப்புச் சேவை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடி ஒரு வாகனம் சென்றடைவதற்குள் கிடுகும் தகரமும் பலகையும் கொண்ட கடைத்தொகுதியில் எவ்வளவு மிஞ்சும் என்பதை எவரும் ஊகிக்கலாம். அடுத்தது நீர். 4,000 லீற்றர் கொள்ளும் தாங்கி, நிமிடத்துக்கு 400 லீற்றர் பாயும் ஒரேயொரு குழாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் வற்றிவிடும். பெருநகரங்களில் வீதியோரத்தில் இருப்பதைப் போன்ற நீர்முனைகளை நம்பி இங்கே வேலை செய்ய இயலாது. பவுசர் வர வேண்டும், அல்லது அயலிலுள்ள கிணற்றிலோ குளத்திலோ இறைக்க வேண்டும். உறிஞ்சி இறைக்கும் எந்த இயந்திரமும் ஏழெட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழேயுள்ள நீரை மேலே கொண்டுவராது. அது வளியமுக்கத்தின் எல்லை, இயந்திரத்தின் குறையன்று. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் ஆழமற்றவை என்பது இவ்விடயத்தில் எமக்குக் கிடைத்த பேறு, எனினும் கோடையில் அவற்றின் அடியில் எஞ்சும் நீரும் சிறிதுநேரத்தில் தீர்ந்துவிடும். ஆரியகுளமும் புல்லுக்குளமும் அழகுக்காக மட்டும் பேணப்பட வேண்டியவை என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம். இவற்றோடு, மதிலும் மதிலும் முட்டுகின்ற ஒழுங்கைகளில் பெரிய வாகனம் திரும்ப முடியாமல் நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

எங்கள் அயலில் வசிக்கும், பல காலம் அவசர சேவை வாகனம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, நெருப்புக்கு முன்னாலை நிக்கேக்க வாற பயத்தை விட, அங்கை போய்ச் சேருமட்டும் றோட்டிலை வாற பயந்தான் கூட.” அவர் சொன்னது அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் பணியின்போது நிகழும் தீயணைப்பாளர் இறப்புகளில் நெடுங்காலமாக முதலிடம் வகிப்பது திடீர் மாரடைப்பு. வாகன விபத்துகளும் பட்டியலின் முன்வரிசையில் நிற்கின்றன. தாங்கியில் பாதியளவு நீரோடு வேகமாக வளைவில் திரும்பும் வாகனத்தில் நீர் ஒரு பக்கமாக மோதும்போது அதன் சமநிலை குலைகிறது. வழிவிடாத முச்சக்கரவண்டிகளும் சந்தியில் திடீரெனக் குறுக்கிடும் மோட்டார் சைக்கிள்களும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. எரியும் வீட்டை எட்டுவதற்கு முன்பே வழியில் உயிரிழந்தவர் தீயணைக்கும்போது இறந்தவராகக் கருதப்படுவாரா என்ற கேள்வி எழுமானால், அதற்கு என் பதில் தயக்கமின்றி ஆம் என்பதே. அழைப்பு மணி ஒலித்த கணத்திலிருந்து அவர் கடமையில் இருக்கிறார்.

இன்னும் சிக்கலானது நோயால் இறப்பவரின் நிலை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022 இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. எரியும் பிளாஸ்ரிக்கும் மெத்தையும் வயரும் வெளியிடும் புகை சுவாசத்தால் மட்டுமன்றித் தோலின் வழியாகவும், கழுவப்படாத உடையின் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதி நியூயோர்க் தீயணைப்புப் படை 343 பேரை ஒரே நாளில் இழந்தது உலகுக்குத் தெரியும். அந்த இடிபாடுகளின் தூசியைச் சுவாசித்து, பின்னர் நோயுற்று இறந்த அதே படையினரின் தொகை 2023 செப்டெம்பரில் 343 ஐ எட்டியது என்பதும், அதன் பின்னரும் கூடிக்கொண்டே செல்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. அவர்களின் பெயர்களுக்கென அந்தப் படையின் தலைமையகத்தில் தனிச் சுவர் ஒன்று உள்ளது. யாழ்ப்பாணத்தில் உக்காத குப்பை மேடுகள் எரியும்போது மணிக்கணக்காக அந்தப் புகைக்குள் நின்று நீர் பாய்ச்சியவர், சுவாசக் கருவி இருந்தோ இல்லாமலோ நின்றவர், பத்து ஆண்டுகளின் பின் நுரையீரல் நோயால் இறந்தால் அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவோம்?

அமைய ஊழியர்களின் நிலையும் இதைப் போன்றதே. உள்ளூராட்சி மன்றங்களில் நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அமைய ஊழியர்களும் ஒப்பந்த ஊழியர்களும் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த விடயம். தீ அவர்களின் நியமனக் கடிதத்தைப் பார்த்து எரிவதில்லை. பவுசரின் குழாயை இழுத்து வந்தவரும், இரவுக் கடமையில் தொலைபேசி எடுத்தவரும், தம் வீட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்து கிணற்றில் பூட்டிய அயலவரும் ஆபத்துக்கு உட்படுகிறார்கள். அயலவரின் பெயரைக் கல்லில் சேர்க்கலாமா என்பதில் எனக்கே முழுத் தெளிவில்லை. ஊழியர்களுக்குள் தரம் பிரித்துப் பெயரை விடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பதவி வரிசையையும் நான் விரும்பவில்லை. நியூயோர்க்கில் உலக வர்த்தக மையம் இருந்த இடத்திலுள்ள நினைவகத்தில் பெயர்கள் அகரவரிசையாக இல்லாமல், ஒன்றாக வேலை செய்தவர்களும் ஒன்றாக இறந்தவர்களும் அருகருகே வரும்படி அமைக்கப்பட்டுள்ளன, தீயணைப்பாளர்கள் தத்தம் வண்டிக் குழுவினரோடு சேர்ந்தே இருக்கிறார்கள். சிறிய நகரமாகிய எங்களுக்கு இறந்த திகதி வரிசையே போதும்.

கல்லை எங்கே வைப்பது என்று கேட்டால் பலரும் முற்றவெளியைக் காட்டுவார்கள். 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிரிழந்தவர்களின் நினைவிடம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நூலகமும் மணிக்கூட்டுக் கோபுரமும் அருகில்தான். உல்லாசப் பயணிகளும் வருவார்கள். இருந்தும் நான் தீயணைப்பு நிலையத்தின் வாசலையே தெரிவு செய்வேன். வாகனம் வெளியேறும் வாயிலின் ஓரத்தில், புதிதாக வேலைக்குச் சேர்பவர் முதல் நாளில் வாசிக்கும்படியாக, நகரபிதாவும் ஆணையாளரும் பாதீட்டுக் காலத்தில் அங்கே வரும்போது தவிர்க்க முடியாதபடியாக அது நிற்க வேண்டும். சிற்பம் தேவையில்லை. ஆளுயரக் கருங்கல் போதும். முதலில் தமிழும் பின்னர் சிங்களமும் ஆங்கிலமும் இருக்கட்டும். ஒவ்வொரு பெயரின் கீழும் திகதி, இடம், செய்துகொண்டிருந்த வேலை, இறப்பின் காரணம் ஆகியவை இரண்டு வரிகளில் வர வேண்டும். கூரை இடிந்ததா, மின்னிணைப்பு துண்டிக்கப்படவில்லையா, வாகனம் கவிழ்ந்ததா, சுவாசக் கருவி இருக்கவில்லையா என்பது அங்கே தெரிய வேண்டும். அப்படி எழுதினால் சட்டச் சிக்கல் வரும் என்று அலுவலர்கள் சொல்லக்கூடும். மரண விசாரணை அதிகாரியின் தீர்ப்பில் உள்ளதை உள்ளபடி எழுதுவதில் சிக்கல் இருக்க நியாயமில்லை.

பெயர்களைத் திரட்டுவதுதான் கடினமான பகுதி. யாழ்ப்பாணம் 1949 இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. அதன் பழைய நகர மண்டபமே போரில் அழிந்துபோன நிலையில், ஆரம்பகாலப் பதிவேடுகளை மட்டும் நம்பிப் பட்டியல் தயாரிக்க முடியாது. 1959 இல் தொடங்கிய ஈழநாட்டின் பழைய இதழ்களில் கணிசமானவை நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பில் வாசிக்கக் கிடைக்கின்றன. 1980 களின் நடுப்பகுதியிலிருந்து உதயன் பத்திரிகை இருக்கிறது. தீ, விபத்து, மரண அறிவித்தல் ஆகிய மூன்றையும் ஆண்டு வாரியாகப் பார்த்துச் செல்வது பல்கலைக்கழக மாணவர் இருவர் ஒரு விடுமுறைக்குள் தொடங்கக்கூடிய வேலை. அதற்கு முன்பாக ஓய்வுபெற்ற சாரதிகளையும் தீயணைப்பு ஊழியர்களையும் சந்தித்து, யார் யாருடன் எந்த வாகனத்தில் போனார்கள், யார் திரும்பி வரவில்லை, யார் திரும்பி வந்து நோயில் விழுந்தார்கள் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களில் பலருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. என் அயலவரிடம் நான் அடுத்த வாரமே பதிவுக் கருவியுடன் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தன்னோடு வேலை செய்த வேறு இருவரையும் அன்றைக்கு வரச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.